போக இடமில்லாதவர்களால் நிறைந்த பஸ்

கண்டக்டர் வாயிலிருந்த விசிலை எடுத்துவிட்டு பச்சையம்மா அக்காவைப் பார்த்தார்.

"எங்கம்மா போவணும்?"

பச்சையம்மா அக்கா மகள் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப் புடவையில் இருந்தாள். தலை நிறையக் கனகாம்பரம். மடியில் ஒரு காலி ஒயர் கூடை. கொஞ்சம் யோசித்துவிட்டுத் திருப்பிக் கேட்டாள்.

"நீங்க எங்க போறீங்க?"

"நான் எங்கம்மா போறேன்? பஸ்ஸு கள்ளக்குறிச்சி போவுது."

"அப்ப எனக்கும் அங்கயே ஒன்னு குடுங்க."

"கள்ளக்குறிச்சில இன்னா வேல?"

"எறங்கிட்டு யோசிச்சிக்கிறேன்."

கண்டக்டர் கட்டணமில்லா டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்கு நகர்ந்தார். அங்கேயும் அதே பதில். அதற்கடுத்த சீட்டிலும் அதே பதில்.

பஸ்ஸில் ஒரு இடம்கூடக் காலியில்லை. எங்கள் தெருப் பெண்கள் திருவிழாவுக்குப் போகிற மாதிரி உடுத்திக்கொண்டு ஏறியிருந்தார்கள். ஒருவருக்கும் போக இடமில்லை. டிரைவருக்குப் பின்னால் என் அம்மா அஞ்சலை கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தாள்.

இத்தனை பேரையும் திரட்டி அந்த வண்டியில் ஏற்றியவள் நான். அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

நிறைந்தால்தான் கிளம்பும்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். பி.காம். முடித்த முதல் ஆளும் நான்தான். இந்தப் பத்தியில் இதை எத்தனை வாரம்தான் எழுதுவாய் என்று தெரிந்தவர்கள் கேட்கிறார்கள். பத்திரிகைக்காரர்கள் நிறுத்தச் சொல்லும் வரை எழுதுவேன்.

எங்கள் தெரு வடக்கனந்தலைத் தாண்டி, மலைக்குப் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் வேலை செய்கிறவர்கள். பெரிய சாலையில் கரியாலூரிலிருந்து இறங்கும் பஸ் வரும். ஆனால் அது மலையிலேயே நிறைந்துவிடும். புளி மூட்டை, கடுக்காய் மூட்டை, ஞாயிற்றுக்கிழமையானால் அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு கத்திப் பாடும் பையன்கள். எங்களைக் கண்டதும் டிரைவர் கையைப் பின்பக்கம் காட்டுவார். பின்னால் வேறு வண்டி வருகிறது என்று அர்த்தம். பின்னால் எதுவும் வராது. புழுதிதான் வரும்.

ஆகவே எங்களுக்கு இருந்தது என் அண்ணன் ஏழுமலையின் ஷேர் ஆட்டோ ஒன்றுதான்.

ஷேர் ஆட்டோவுக்கு நேரம் என்று ஒன்று கிடையாது. ஆள் நிறைந்தால் கிளம்பும். நிறையாவிட்டால் நிற்கும். காலி ஆட்டோவில் முதலில் ஏற யாருக்கும் மனம் வராது, ஏறினால் காத்திருக்க வேண்டுமே. பாதி நிறைந்த வண்டியில்தான் ஏறுவார்கள். அதனால் டிரைவர்கள் தெரிந்தவர்களைச் சும்மா உட்கார வைப்பார்கள். நிஜமான ஆள் வர வர, சும்மா இருப்பவர்கள் ஒவ்வொருவராக இறங்கிக்கொள்வார்கள். ஜவுளிக்கடை வாசலில் புடவை கட்டி நிற்குமே, அதை நினைத்து அண்ணன் இதற்குப் 'பொம்மை' என்று பேர் வைத்திருந்தான்.

பள்ளிக்கூடம் விட்டதும் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் நான்தான் அவனுக்குப் பொம்மை. மடியில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொள்வேன். ஆள் சேர்ந்ததும் இறங்குவேன். அவன் போய்த் திரும்பி வந்ததும் மறுபடி ஏறுவேன். கடைசி நடையில்தான் எனக்கு வீடு. தனிவட்டி, கூட்டுவட்டி, வேகமும் தூரமும் எல்லாவற்றையும் நான் ஓடாத ஆட்டோவில் உட்கார்ந்துதான் கற்றேன். பக்கத்தில் ஏறுகிறவர்கள், "எப்ப பாப்பா கெளம்பும்?" என்பார்கள். புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், "இன்னும் ஒரு ஆளு" என்பேன். யார் எப்போது கேட்டாலும் ஒரு ஆள்தான்.

படிப்பு முடிந்து கள்ளக்குறிச்சியில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை கிடைத்தது. மாதம் பிறந்தால் சம்பளம் வருகிற வேலை, எங்கள் தெருவுக்கே அது முதல் வேலை. அந்த ஆபீசுக்கு ஆட்டோவின் குணம் தெரியவில்லை.

"ஏம்மா லேட்டு?"

"ஆட்டோ நெறையல சார்."

"ஆட்டோ நெறையலேன்னு எந்த ஊர்லம்மா லேட்டா வருவாங்க?"

"எங்க ஊர்ல சார்."

இரண்டு மூன்று வாரம் இப்படிப் போனது. கடைசியில் அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் தீர்மானமாகப் பேசப் போகிறார் என்று பொருள். "இனிமே நேரத்துக்கு வர முடியலேன்னா சொல்லிடும்மா. வேற ஆளைப் பாத்துக்கறேன்."

அந்தத் திங்கட்கிழமையே கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தேன். எங்கள் தெருவுக்குள் வந்து திரும்பும் டவுன் பஸ் வேண்டும், காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. தெருவில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினேன். ஏழுமலை அண்ணனிடம் மட்டும் வாங்கவில்லை.

சோதனை ஓட்டம்

நிஜமாகவே பஸ் வந்தது. முகத்தில் ரோஸ் நிறம் அடித்த பஸ். அன்று இரவு அண்ணன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான்.

"நம்ம வூட்டுச் சோத்துல மண்ணள்ளிப் போடத்தான் உன்னப் படிக்க வெச்சனா?"

"மண்ணு இல்லண்ணா. பஸ்ஸு."

"ரெண்டும் ஒன்னுதான்டி."

"எனக்கு வேலை போயிடும்ண்ணா."

"எனக்குப் போனா பரவால்லயா?"

அம்மா இரண்டு பேர் தட்டிலும் குழம்பை ஊற்றிவிட்டு, "மொதல்ல துன்னுங்க" என்றாள்.

ஆனால் அண்ணனுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. அது சோதனை ஓட்டம். சில வாரம் ஓட்டிப் பார்ப்பார்கள், கூட்டம் இல்லாவிட்டால் எடுத்துவிடுவார்கள். முதல் வாரம் முழுக்க அந்தப் பஸ்ஸில் போனது நானும், சேவலோடு ஏறிய ஒரு பெரியவரும்தான். பெரியவரும் சேவலை விற்றதும் வருவதை நிறுத்திவிட்டார்.

எனக்கு ஆத்திரம். பெண்களுக்குக் காசே கிடையாது, ஏறி உட்கார்ந்தால் போதும். ஏன் ஏற மாட்டேன் என்கிறார்கள்?

"ஏறி எங்கடி போறது?" என்றாள் பச்சையம்மா அக்கா.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் தெருவுக்குள் பஸ் வந்ததே இல்லை. அதனால் பஸ்ஸில் போய்ச் செய்கிற வேலை எதுவும் இல்லாமலே வாழ இவர்கள் பழகிவிட்டார்கள். உடம்புக்கு முடியாமல் போனால் கள்ளக்குறிச்சி, தீபாவளிக்குத் துணி எடுக்கக் கள்ளக்குறிச்சி. மற்ற நாளில் அந்த ஊர் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

எனக்குத் தெரிந்த ஒரே தொழிலை நான் அங்கே காட்டினேன். பொம்மை உட்கார வைத்தேன்.

மக்காச்சோளத்தில் களை எடுத்து முடிந்து, அறுப்பு தொடங்காமல் எல்லோரும் வீட்டில் இருந்த நேரம் அது. முறை போட்டு ஏற்றினேன். காலையில் என்னோடு ஏற வேண்டும், ஊரில் இறங்க வேண்டும், பஸ் திரும்பும்போது அதிலேயே வீடு வர வேண்டும். இவ்வளவுதான் வேலை. முதல் நாள் பட்டுப் புடவை கட்டி வந்தவர்களிடம், "சும்மா ஒரு சேலை போதும்" என்று சொல்லிப் பார்த்தேன். "சும்மாவா போறோம்? பஸ்ஸுல போறோம்" என்று அதட்டினார்கள்.

கண்டக்டருக்கு மட்டும் வருத்தம். "பஸ்ஸு நெறைஞ்சிக்கினு வருது. பையி அப்பிடியே காலியா கீது. ஒரு ஆம்பள ஏறினாத்தான் எனக்குக் காசைக் கண்ணால பாக்க முடியும்" என்பார்.

தெரு முனையில் அண்ணன் தன் காலி ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருப்பான். தினமும் கழுவினான். ஆள் வராத நேரமெல்லாம் கழுவினான். பஸ் அவனைக் கடக்கும்போது ஜன்னல் ஜன்னலாகப் பார்ப்பான். பொம்மையைக் கண்டுபிடிக்க அவனைவிடத் தெரிந்த ஆள் அந்த வட்டாரத்தில் இல்லை.

ஆட்டுக் கேஸ்

இறங்கின இடத்திலிருந்து பஸ் திரும்புகிற வரைக்கும் நேரம் போக வேண்டுமே. முதல் நாள் எல்லோரும் பஸ் ஸ்டாண்டிலேயே வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் காலாற நடந்தார்கள். நடந்தால் ஊர் கண்ணில் படும்.

பச்சையம்மா அக்கா ஒரு கூட்டத்தைப் பார்த்து என்னவென்று தெரியாமலே வரிசையில் நின்றாள். அது ரேஷன் கார்டு திருத்துகிற வரிசை. அவள் கார்டில் வெகுகாலமாகப் பச்சையப்பன் என்றுதான் இருந்தது. ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் கார்டைப் பார்த்துவிட்டு, "அவரை வரச் சொல்லும்மா" என்றாராம். "நான்தாங்க அவரு" என்றாளாம் அக்கா. அடுத்த வாரம் ஆதாரோடு வரச் சொன்னார்கள்.

என் அம்மாவுக்கு வெயில் தாங்கவில்லை. ஃபேன் ஓடுகிற இடம் ஒன்றைத் தேடிப் போனாள். வாசலில் நிறையப் பேர், உள்ளே பெஞ்சு, மேலே ஃபேன், எல்லோரும் அமைதியாக இருக்கிறார்கள். கோயில் மாதிரி ஏதோ என்று செருப்பை வெளியே கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். அது கோர்ட்.

அன்று அங்கே நடந்தது ஓர் ஆட்டுக் கேஸ். ஒருவருடைய ஆடு அடுத்தவர் கொல்லையில் பயிரை மேய்ந்துவிட்டது. கொல்லைக்காரர் ஆட்டைப் பிடித்துத் தன் வீட்டில் கட்டிப்போட்டார். நஷ்டத்தைக் கொடுத்தால் ஆட்டை விடுவேன் என்றார். ஆட்டுக்காரர் கொடுக்கவில்லை. இவர் தழை போட்டார், தண்ணீர் வைத்தார், மழைக்குச் சாக்கு கட்டினார். கட்டிய இடத்திலேயே ஆடு குட்டி போட்டது. ஆட்டைத் தருகிறேன், குட்டிகளைத் தர மாட்டேன், தீனி போட்டது நான் என்கிறார் கொல்லைக்காரர். ஆடு என்னுடையது, குட்டி எப்படி உன்னுடையதாகும் என்கிறார் ஆட்டுக்காரர்.

வக்கீல்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே வாய்தா போட்டுவிட்டார்கள்.

அம்மாவுக்குத் தூக்கம் போனது. "குட்டி யாருக்குடி போவும்?" என்று என்னை எழுப்பிக் கேட்டாள். அடுத்த வாய்தாவுக்கு நான் சொல்லாமலே பஸ் ஏறினாள். அதற்கடுத்த வாய்தாவுக்கு, அவள் முறை இல்லாத நாளிலும் ஏறினாள்.

இது அவள் வேலை செய்கிற நிலத்துக்காரர் காதுக்கும் போனது. கரும்பும் மக்காச்சோளமும் போடுகிறவர், வேலையாட்களிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவர். அவரே வரப்பில் நின்று விசாரித்தார்.

"இன்னா அஞ்சல, கோர்ட்டுக்குப் போய்க்கினு இருக்கியாமே?"

"ஆமாங்க. வாய்தா வாய்தாவாப் போவுதுங்க."

"யார் மேல கேஸு?"

"ஆள் மேல இல்லீங்க. ஆட்டு மேல."

போன கோடையில் அவரும் எங்கள் தெருக்காரர் ஒருவரின் ஆட்டைப் பிடித்து இரண்டு நாள் கட்டி வைத்திருந்தவர். மறுநாள் வேலைக்குப் போனவர்களுக்கு டீயோடு போண்டாவும் வந்தது. "ஏன் திடீர்னு போண்டா?" என்று யாருக்கும் புரியவில்லை. அம்மா இரண்டாக வாங்கித் தின்றாள்.

செக்கிங்

சோதனை ஓட்டம் முடிகிற வாரம். காலையில் பஸ் கிளம்பும்போது காக்கிச் சட்டை போட்ட செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினார். வடக்கனந்தலில் இறங்கி எதிரே வரும் பஸ்ஸைப் பார்க்க வேண்டியவர் அவர். அதற்குள் இங்கே கூட்டம் உண்மைதானா என்று பார்த்து எழுதிவிடுவார். அவர் சொல்வதை வைத்துத்தான் பஸ் இருக்கும் அல்லது போகும்.

அவருக்குப் பின்னாலேயே ஏழுமலை அண்ணனும் ஏறினான்.

என் வேலையை அவன் கையில் பிடித்திருப்பதாகவே தோன்றியது. அவன் என்னைப் பார்க்கவில்லை. கண்டக்டரிடம் காசை நீட்டி டிக்கெட் வாங்கினான். கண்டக்டர் அந்த நோட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, "வாங்க தலைவரே. காலைல மொத வசூலே உங்களுதுதான்" என்றார்.

அண்ணன் கம்பியைப் பிடித்துக்கொண்டு உரக்கச் சொன்னான்.

"சார், இதுங்க ஒன்னுக்கும் போற எடம் கெடையாது. எல்லாம் பொம்ம. நீங்களே கேட்டுப் பாருங்க. எங்க போற, இன்னா வேலைன்னு ஒவ்வொன்னா கேளுங்க."

இன்ஸ்பெக்டர் முன் சீட்டிலிருந்து தொடங்கினார்.

"நீங்க எங்கம்மா?"

"ரேஷன் கார்டுல என்ன ஆம்பளயா போட்டுட்டானுங்க சார். இன்னிக்குப் பொம்பளயா மாத்தித் தராங்க" என்றாள் பச்சையம்மா அக்கா.

"நீங்க?"

"முருங்கக் கீர சார். உழவர் சந்தைல குடுத்துட்டு வரணும்." காலடியில் கட்டுக் கட்டாகக் கீரை இருந்தது.

"நீங்க?"

"காது கேக்கல, ஆஸ்பத்திரிக்கி."

"நீங்க?"

"அவளுக்குக் காது கேக்காது, அதான் தொணைக்கி."

அண்ணன் முகம் ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு சுற்று சிறுத்துக்கொண்டே வந்தது. எனக்கே தெரியாது. நான் ஏற்றியது பொம்மைகளை. பஸ்ஸில் இப்போது ஒரு பொம்மைகூட இல்லை. அம்மாவைத் தவிர.

"நீங்கம்மா?"

"கோர்ட்டுக்கு. வாய்தா."

அண்ணன் பாய்ந்தான். "பொய் சார்! எங்கம்மாதான் சார். அதுக்கு ஒரு கேஸும் கெடையாது."

"என் கேஸுன்னு நான் சொன்னனாடா?" என்றாள் அம்மா. "ஆட்டுக் கேஸு சார்."

"என்ன ஆடு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவர் அதைக் கேட்டிருக்கக் கூடாது. அம்மா ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டதிலிருந்து தொடங்கினாள். கொல்லைக்காரர் சாக்கு கட்டிய இடத்தை அடைந்தபோது இன்ஸ்பெக்டர் அவளுக்கு எதிர் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். வடக்கனந்தல் வந்தது. கண்டக்டர், "சார், உங்க ஸ்டாப்பு" என்றார். "இருய்யா" என்றார் அவர்.

"ஆடு ஒருத்தருது, தீனி ஒருத்தருது. குட்டி யாருக்கு சார்?" என்று அம்மா நிறுத்தினாள்.

"ஆட்டுக்காரருக்குத்தான். அதுல என்ன சந்தேகம்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அதெப்பிடி?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "தழ போட்டவன் கேணையனா?"

"ஒரு குட்டியாவது குடுக்கணும் சார்" என்றார் டிரைவர், சாலையைப் பார்த்தபடியே.

"பயிர மேய்ஞ்சதுக்கு யார் குடுக்கறது?"

"கட்டிப் போடச் சொல்லி இவன யார் கேட்டா?"

பஸ் இரண்டு கட்சியானது. கீரைக்காரி ஒரு பக்கம், காது கேட்காதவள் ஒரு பக்கம். அவளுக்கு மட்டும் அப்போது எல்லாம் கேட்டது. இந்தக் கூச்சலுக்கு நடுவில் ஏழுமலை அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு மெல்லச் சொன்னான்.

"அவனும் மழைக்குச் சாக்கெல்லாம் கட்டிக் கீறான், இல்ல?"

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கினோம். இன்ஸ்பெக்டர் வடக்கனந்தலுக்கு இரண்டு ஊர் தள்ளி வழியிலேயே இறங்கியிருந்தார். எதிர் பஸ் போய் வெகு நேரமாகியிருந்தது. இறங்குகிறபோது அம்மாவிடம் கேட்டார். "தீர்ப்பு எப்பம்மா வரும்?"

"எப்பிடியும் வந்துரும் சார். பஸ்ஸு இருந்தா சொல்லிக்கினே இருப்பேன்."

பஸ் நிரந்தரமானது.

நின்றுபோனவர்கள்

அதன் பிறகு நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. எங்கள் தெருவுக்கு இப்படி ஒரு பஸ் வருகிறது, நேரத்துக்கு வருகிறது என்று சுற்று வட்டாரம் முழுக்கத் தெரிந்துவிட்டது. அடுத்த தெருக்காரர்கள் நடந்து வந்து, பஸ் திரும்புமிடத்திலேயே ஏறி இடம் பிடித்தார்கள். எங்கள் ஸ்டாப்புக்கு வருவதற்குள் படியில் ஆள் தொங்க ஆரம்பித்தது.

ஒரு காலையில் நான் தலை பின்னிக்கொண்டு சற்றுத் தாமதமாக வந்தேன். பஸ் நின்றது. என் பாதம் வைக்கப் படியில் இடமில்லை. என் மனுவால் வந்த பஸ். என் ஆட்கள் நிறைந்த பஸ்.

"எடம் இல்லம்மா" என்றார் கண்டக்டர்.

"என்ன யாருன்னு தெரியுதா?"

"தெரியுதும்மா. எடந்தான் இல்ல."

உள்ளே நசுங்கிக்கொண்டிருந்த அம்மாவின் குரல் மட்டும் வந்தது. "நீ வூட்டுக்குப் போடி. எனக்கு இன்னிக்கு வாய்தா."

பஸ் போய்விட்டது. ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பது என் கண்ணுக்குத் தெரிந்தது. அழுகை வந்தது. பி.காம். படித்தவள் தெருவில் நின்று அழக்கூடாது என்று அடக்கினேன்.

ஆட்டோ வந்து நின்றது. அந்த வாரம் முழுக்க அண்ணன் என்னிடம் பேசவில்லை.

"ஏறு."

உள்ளே பார்த்தேன். ஒருவரும் இல்லை. "நெறையட்டும்" என்றேன், விறைப்பாக.

"நெறைய வாணாம். ஏறுடி."

கிளம்பிவிட்டான். எனக்குத் தெரிந்து அந்த ஆட்டோ காலியாகக் கிளம்பியது அன்றுதான். அடுத்த ஸ்டாப்பில் எனக்குக் காரணம் புரிந்தது. பஸ்ஸில் இடம் கிடைக்காமல் ஒரு கூட்டம் நின்றுகொண்டிருந்தது. பையும் பிள்ளையுமாக ஏறினார்கள். அதற்கடுத்த ஸ்டாப்பிலும் நின்றார்கள். எல்லோருக்கும் இன்றைக்கு, இப்போதே ஊரில் ஒரு வேலை இருந்தது. வடக்கனந்தல் தாண்டுவதற்குள் ஆட்டோவில் என் மடியில் யாரோ ஒருவருடைய குழந்தை உட்கார்ந்திருந்தது.

"எத்தினி நாளாண்ணா இப்பிடி?"

"நாலஞ்சு நாளா." கண்ணாடியில் என்னைப் பார்த்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். "பஸ்ஸு பின்னாடியே போறேன். உடறதெல்லாம் அள்ளிக்கிறேன். முன்ன மாதிரி யாரையும் உக்கார வெக்கத் தேவையில்ல."

ஊர் எல்லையில் பஸ்ஸைப் பிடித்து முந்தினான். ஜன்னலிலிருந்து தெருப் பெண்கள் எல்லோரும் கத்தினார்கள். அவன் ஹாரன் அடித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினான்.

"பாப்பா, ஒன்னு மட்டும் கேக்கறேன். ரெண்டாவது பஸ்ஸு வேணும்னு எழுதிராத. உன்ன கையெடுத்துக் கும்புடறேன்."

எழுத மாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்தேன். ஆபீசுக்கு ஆடிட்டருக்கு முன்பே போய்விட்டேன். அன்று முழுக்க அந்தச் சத்தியத்தை நினைத்து, அண்ணனையும் காப்பாற்றினேன், என்னையும் காப்பாற்றிக்கொண்டேன் என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலில் நின்று பெருவிரலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஊதா மை போகவில்லை.

"இன்னாம்மா இது?"

"ரெண்டாவது பஸ்ஸு கேட்டு மனு போட்டேன்டி. காலைல ஏற முடியுதா இன்னா?"

"என்கிட்ட சொல்லியிருந்தா நான் எழுதியிருப்பேனே?"

"நீ ஆபீஸ்ல இருப்ப. உன்ன எதுக்குத் தொந்தரவு பண்ணிக்கினு?" என்றாள் அம்மா. "கோர்ட்டு வாசல்ல எழுத ஆளு உக்காந்துக்கினு இருக்குறாங்க. உன்னவுட நல்லா எழுதறாங்க."